ட்ரோம்சோவில் துருவ ஒளி: ஒரே ஊரில் இரண்டு இரவுச் சுற்றுலாக்கள்

சென்ற அரையாண்டுத் தேர்வு விடுமுறையில் என் கணவர், ஏழாம் வகுப்பில் படிக்கும் மகள், 67 வயதான மாமியார், நான் என நால்வரும் வேலூரிலிருந்து நார்வே நாட்டின் ட்ரோம்சோ நகருக்குச் சென்று, வடதுருவப் பக்கத்து இரவு வானில் தோன்றும் துருவ ஒளியைக் கண்டு திரும்பினோம். ஊர் வந்ததிலிருந்து சத்துவாச்சாரியில் எங்கள் தெருவிலும் இராணிப்பேட்டையில் என் அலுவலகத்திலும் எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி, ஒளி தெரிந்ததா என்பதுதான். தெரிந்தது. ஆனால் இந்தப் பயணத்துக்குப் பணம் கட்ட நினைக்கிறவர்கள் அதைவிட முக்கியமாகக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு என்பது எனக்கு அங்கே போன பிறகுதான் புரிந்தது. ஒளியை யாராலும் விற்க முடியாது. மேகமில்லாத வானம் இன்றிரவு எந்தப் பக்கம் இருக்கும் என்று கண்டறிந்து நம்மை அங்கே கொண்டுபோய் நிறுத்துவதும், அந்தக் குளிரில் நாம் பத்திரமாக நிற்பதற்கு வேண்டியதைச் செய்வதும் மட்டுமே காசுக்குக் கிடைக்கும். அந்தச் சேவையை ஒரே வாரத்தில் மோசமாகவும் மிக நன்றாகவும் பெற்றுக்கொண்டதால் இந்த மதிப்புரையை எழுதுகிறேன்.

நாங்கள் பதிவு செய்தது வேலூரிலுள்ள ஒரு பயண முகவர் நிறுவனத்தில். ட்ரோம்சோவில் ஐந்து இரவு, ஓஸ்லோவில் இரண்டு இரவு, விமானக் கட்டணம், விடுதி, காலை உணவு, ஒரு துருவ ஒளிச் சுற்றுலா எல்லாம் சேர்த்து ஒருவருக்கு ரூ. 2,85,000 வாங்கினார்கள். காகித வேலைகளில் அவர்களிடம் ஒரு குறையும் சொல்ல முடியாது. நார்வே ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லாவிட்டாலும், ஒரே விசாவில் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் போய்வரக்கூடிய ஷெங்கன் பகுதியில் இருப்பதால் ஷெங்கன் விசாதான் வேண்டும். அதற்குக் குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடு வேண்டும். நால்வருக்கும் சென்னையில் ஒரே நாளில் நேரம் கிடைக்க வேண்டும். இவை அனைத்தையும் நாங்கள் இரண்டாம் முறை கேட்க வேண்டிய தேவையில்லாமல் முடித்துக் கொடுத்தார்கள். மாமியாரின் இரத்த அழுத்த மாத்திரைகளுக்கு மருத்துவரிடம் ஆங்கிலத்தில் கடிதம் வாங்கி வைத்துக்கொள்ளும்படி நினைவூட்டியதும் அவர்கள்தாம். ஓஸ்லோவில் விமானம் மாறுவதற்கு நான்கு மணி நேர இடைவெளி விட்டிருந்தார்கள். வயதானவர்களோடு போகிறவர்களுக்கு அந்த இடைவெளியின் அருமை தெரியும்.

தவறு வேறிடத்தில் இருந்தது. அவர்கள் கையில் கொடுத்த துண்டுப்பிரசுரத்தில், பச்சைத் திரை வானத்தை நிறைத்துத் தொங்கும் படத்தின் கீழே, "100% உறுதி" என்று அச்சிட்டிருந்தார்கள். மேகம் வந்தால் என்ன செய்வீர்கள் என்று நான் கேட்டேன். "பார்க்காம யாருமே திரும்பி வந்ததில்ல மேடம்" என்று பதில் வந்தது. தரப் பரிசோதனை வேலையில் இருக்கிறவள் நான். நூறு சதவீதம் என்று யார் சொன்னாலும் நின்று யோசிப்பது என் தொழில். அன்று ஆசையில் யோசிக்காமல் கையெழுத்திட்டேன். காலுக்கு என்ன போட்டுக்கொள்வது என்று கேட்டதற்கு, மலையேற்றக் காலணி வாங்கி இரண்டு காலுறை போட்டுக்கொண்டால் போதும் என்றார்கள். அந்த அறிவுரையின் விலை என்ன என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

ட்ரோம்சோ 69.6 பாகை வட அகலாங்கில், ஆர்க்டிக் வட்டத்துக்கு ஏறத்தாழ 350 கிலோமீட்டர் வடக்கே, ஒரு தீவின்மேல் இருக்கிறது. வேலூர் 12.9 பாகையில் இருக்கிறது. அவ்வளவு வடக்கே இருந்தும் கடலின் வெப்ப நீரோட்டத்தால் அந்த நகரில் குளிர்காலம் நாம் அஞ்சும் அளவுக்குக் கொடுமையாக இல்லை. நாங்கள் இறங்கிய அன்று உறைநிலைக்குச் சற்றுக் கீழேதான் இருந்தது. ஆனால் அதே கடல்தான் மேகத்தையும் கொண்டுவருகிறது.

முகவர் ஏற்பாடு செய்திருந்த சுற்றுலா இரண்டாம் இரவு. 45 பேர் அமர்ந்த பெரிய பேருந்தில் நகரிலிருந்து முக்கால் மணி நேரத் தொலைவில் கடலோர முகாம் ஒன்றுக்கு அழைத்துப் போனார்கள். போகும்போதே பேருந்தின் கண்ணாடியில் மழையும் பனியும் கலந்து அடித்துக்கொண்டிருந்தன. முகாமில் ஒரு மரக்குடிசை, அதில் நீளமான பெஞ்சுகள், கொதிநீர், சாக்லேட் பானம். வெளியே போய் அண்ணாந்து பார்ப்பதும் உள்ளே வந்து கையைத் தேய்த்துக்கொள்வதுமாக மூன்று மணி நேரம் கழிந்தது. வேறெங்காவது வானம் தெளிவாக இருக்கிறதா என்று என் கணவர் கேட்டதற்கு, பேருந்து இந்த முகாமுக்கு மட்டும்தான் வரும் என்று வழிகாட்டி சொன்னார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை, அவருக்குக் கொடுத்த வேலை அவ்வளவுதான். குளிருடையோ காலணியோ அந்தச் சுற்றுலாவில் கிடையாது. இரண்டு காலுறைக்கு மேல் இறுக்கிக் கட்டிய புதுக் காலணியில் என் மகளின் விரல்கள் மரத்துப் போய், குடிசைக்குள் அவள் காலை என் மடியில் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தேன். அவள் அழவில்லை. "ஒளி எப்பம்மா வரும்?" என்று மட்டும் நான்கைந்து முறை கேட்டாள். நள்ளிரவு தாண்டி விடுதிக்குத் திரும்பியபோது மாமியார் ஒரு வார்த்தை பேசாமல் படுத்துக்கொண்டார். ஆசையோடு 67 வயதில் முதல் பாஸ்போர்ட் எடுத்துக்கொண்டு வந்தவரின் அந்த மௌனம்தான் இந்த மதிப்புரையை எழுத வைத்தது என்றும் சொல்லலாம்.

மறுநாள் விடுதி வரவேற்பில் இருந்த பெண்மணி விளக்கிய பிறகே எங்களுக்கு விஷயம் பிடிபட்டது. துருவ ஒளி தோன்றும் பகுதி பூமியின் காந்தத் துருவத்தைச் சுற்றி ஒரு வளையம்போல் அமைந்திருக்கிறது; ட்ரோம்சோ ஏறக்குறைய அந்த வளையத்துக்கு நேர் கீழே இருக்கிறது. ஆகவே பூமியின் காந்தப்புலம் எவ்வளவு கலங்கியிருக்கிறது என்பதை 0 முதல் 9 வரை சொல்லும் கேபி எண் 2 என்று இருந்தாலும் அங்கே ஒளி தெரிய வாய்ப்பு உண்டு. துண்டுப்பிரசுரம் வலியுறுத்திய காந்தப்புயல் என்ற பெரிய கலக்கமும் சூரியச் செயல்பாட்டின் உச்சமும் நல்லவைதான். சூரியனின் செயல்பாடு ஏறி இறங்கும் சுழற்சிகளில் 25ஆவது அதன் உச்சக் காலத்தை அடைந்துவிட்டதாக 2024 அக்டோபரில் நாசா அறிவித்தது. ஆனால் ஒளி உண்டாவது தரையிலிருந்து 100 கிலோமீட்டருக்கு மேலே, மேகம் இருப்பது பத்து கிலோமீட்டருக்குள்ளே. மேலே எவ்வளவு பெரிய திருவிழா நடந்தாலும் கீழே கூரை மூடியிருந்தால் ஒன்றும் தெரியாது. கூரை இல்லாத இடத்துக்கு ஓடுகிற வண்டிதான் வேண்டும் என்று அந்தப் பெண்மணி சொன்னார். அவரே இரண்டு மூன்று சிறு நிறுவனங்களின் விவரங்களைக் காட்டினார்; எட்டுப் பேர் மட்டும் ஏறும் வேன் ஒன்றை நாங்கள் தேர்ந்தெடுத்தோம். பெரியவர்களுக்கு ஒருவருக்கு 1,950 குரோனர், நம் பணத்தில் ஏறக்குறைய ரூ. 14,700. கட்டணம் மிகுதிதான், மறுக்கவில்லை. ஆனால் பணம் கட்டும் பக்கத்தில் முதல் வரியாகவே, இது இயற்கை நிகழ்வு, தெரியும் என்று உறுதி தர இயலாது, தெரியாவிட்டாலும் பணம் திரும்பக் கிடைக்காது, தெளிவான வானத்தைத் தேடி எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் ஓட்டுவோம் என்று எழுதியிருந்தார்கள். அந்த வரியைப் படித்ததும் எனக்கு நம்பிக்கை வந்தது.

நான்காம் நாள் மாலை ஆறு மணிக்கு அவர்களுடைய சிறிய அலுவலகத்துக்குப் போனோம். முதல் அரை மணி நேரம் உடைக்கே போயிற்று. வழிகாட்டியும் அவருடைய உதவியாளரான இளம்பெண்ணும் ஒவ்வொருவரின் உள்ளுடையையும் விசாரித்தார்கள். பருத்தி வேண்டாம், வியர்வையை உறிஞ்சிக்கொண்டு உடம்பிலேயே ஈரத்தை வைத்திருக்கும், கம்பளி நல்லது என்று சொல்லி, பருத்திச் சட்டை அணிந்திருந்த என் கணவருக்குக் கம்பளி மேலாடை ஒன்றைக் கொடுத்தார்கள். மாமியார் புடவையில்தான் வருவேன் என்று ஊரிலேயே சொல்லியிருந்தார். உள்ளே கம்பளிக் காற்சட்டை அணிய மட்டும் ஒப்புக்கொண்டிருந்தார். அதைப் பார்த்த உதவியாளர் முகம் சுளிக்கவில்லை, புடவையை மாற்றச் சொல்லவும் இல்லை. தொடலாமா என்று சைகையால் கேட்டுவிட்டு, கொசுவத்தை ஒதுக்கி மடித்து, அதற்கு மேலேயே முழு உடம்பையும் மூடும் பெரிய குளிரங்கியைப் போட்டு, ஜிப்பைக் கழுத்துவரை மெதுவாக இழுத்து விட்டார். என் மாமியார் அவர் கன்னத்தைத் தொட்டுத் திருஷ்டி கழித்தார். இரண்டு பேருக்கும் பொதுவான மொழி ஒன்றுமில்லை.

காலணியைப் பற்றி நான் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் பதினெட்டு ஆண்டுகளாக என் பிழைப்பு அதில்தான் நடக்கிறது. அவர்கள் இரவலாகக் கொடுத்த பனிக்காலணியில் கீழ்ப்பாதி முழுவதும் ரப்பர் வார்ப்பு, மேல்பாதி எண்ணெய் ஏற்றிய தோல், உள்ளே தனியே கழற்றி எடுக்கக்கூடிய தடித்த கம்பளி உறை. ஈரம் எப்போதும் முதலில் தையல் துளை வழியாகத்தான் நுழையும்; இதில் ரப்பரும் தோலும் சேரும் தையல் பனி தொடும் உயரத்துக்கு மேலே இருந்தது, உட்புறத்தில் பட்டை ஒட்டி அடைத்தும் இருந்தது. நான் கையை உள்ளே விட்டு விரல்நுனிப் பகுதியைத் தடவிப் பார்த்தேன். முந்தைய நாள் அணிந்தவரின் ஈரம் கொஞ்சமும் இல்லாமல் உலர்த்தி வைத்திருந்தார்கள். என் மகளுக்கு அவளுடைய அளவைவிட ஒரு அளவு பெரியதாகக் கொடுத்து, காலுறையையும் ஒன்றாகக் குறைத்தார்கள். விரலைச் சுற்றி அசையாத காற்று இருந்தால்தான் சூடு தங்கும். இறுக்கிக் கட்டினால் காற்றும் போகும், இரத்த ஓட்டமும் குறையும். இரண்டாம் இரவில் அவள் விரல் மரத்ததற்குக் குளிரைவிட அந்த இறுக்கமே காரணம். இதை நான் அறியாதவளா என்று கேட்டால், அறிந்தவள்தான். ஆம்பூருக்கும் இராணிப்பேட்டைக்கும் வெளிநாட்டிலிருந்து வரும் ஆர்டர்களில் குளிர்நாட்டுக் காலணிகளை எத்தனையோ முறை பரிசோதித்திருக்கிறேன். ஆனால் வேலூர் வெயிலில் மேசைமேல் வைத்துப் பரிசோதிப்பது வேறு, அதற்குள் நம் பிள்ளையின் கால் இருப்பது வேறு. ட்ரோம்சோ தெருக்களில் உறைந்த பனிமேல் வழுக்காமல் நடக்க, அடியில் மாட்டிக்கொள்ளும் முள் பட்டைகளும் அன்றிரவு இலவசமாகக் கிடைத்தன. மாமியாரின் பட்டையை வழிகாட்டியே மண்டியிட்டு மாட்டினார்.

வேன் புறப்பட்டபோது நகரில் மேகம் அப்படியே கவிந்திருந்தது. வழிகாட்டி செயற்கைக்கோள் படங்களையும் வானிலைப் படங்களையும் தட்டையான ஒரு திரையில் எங்களுக்குக் காட்டினார். கடற்கரை முழுவதும் வெண்மை. தென்கிழக்கே உள்நாட்டில் ஒரு சிறு கருமை. அந்தக் கருமைதான் தெளிந்த வானம் என்றார். அந்த இடத்தின் பெயர் ஷிபோட்ன். கடலிலிருந்து வரும் ஈரக்காற்றை லிங்கன் மலைத்தொடர் தடுத்துவிடுவதால் அந்தப் பள்ளத்தாக்கில் மழையும் மேகமும் குறைவு. அதனாலேயே ட்ரோம்சோ பல்கலைக்கழகம் தன் வானியல் ஆய்வகத்தை அங்கே அமைத்தது. இதைக் கேட்டதும் என் மகள் நிமிர்ந்து உட்கார்ந்து, எங்கள் ஊர்ப் பக்கத்திலும் காவலூர் இருக்கிறது என்று அவரிடம் சொன்னாள். சவ்வாது மலையில் காவலூரில் உள்ள வைணு பாப்பு வானியல் ஆய்வகத்துக்குப் பள்ளியிலிருந்து போய் வந்தவள் அவள். 1986இல் நிறுவப்பட்ட 2.34 மீட்டர் தொலைநோக்கியின் கீழே நின்று எடுத்த படம் அவள் அலமாரியில் இருக்கிறது. பழைய வடஆற்காடு மாவட்டத்தின் மலைக்காட்டில் ஆய்வகம் அமைத்தவர்கள் இருளையும் தெளிந்த வானத்தையும் தேடி வந்தவர்கள். நாங்களும் அன்றிரவு அதைத்தான் தேடிப் போய்க்கொண்டிருந்தோம்.

வழிகாட்டிக்கு அந்தப் பேச்சு பிடித்துவிட்டது. சூரியனிலிருந்து வரும் மின்னேற்றத் துகள்களின் காற்று பூமியை அடைய இரண்டு முதல் நான்கு நாள் ஆகும் என்றும், பூமியிலிருந்து சூரியன் பக்கமாக 15 இலட்சம் கிலோமீட்டர் தொலைவில் எல்-1 என்ற புள்ளியில் நிற்கும் விண்கலங்கள் அந்தக் காற்றை முன்கூட்டியே தொட்டுப் பார்த்துச் செய்தி அனுப்புவதால் அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்கு முன்பு எச்சரிக்கை கிடைக்கும் என்றும் விளக்கினார். எங்கள் ஆதித்யா எல்-1 அங்கேதான் இருக்கிறது என்றாள் மகள். 2023 செப்டம்பர் 2 அன்று ஏவப்பட்டு 2024 சனவரி 6 அன்று அந்தப் புள்ளியை அடைந்த, சூரியனை ஆராயும் இந்திய விண்கலம் அது. அதன் முதன்மைக் கருவியை உருவாக்கிய இந்திய வான் இயற்பியல் நிறுவனம்தான் காவலூரையும் நடத்துகிறது. அதே நிறுவனத்தின் லடாக் ஹான்லே ஆய்வகத்திலிருந்து 2024 மே மாதப் பெரும் காந்தப்புயலின்போது செந்நிற ஒளியைப் படம் பிடித்தார்கள். வழிகாட்டி இதையெல்லாம் ஒரு குழந்தை சொல்கிறது என்று தட்டிக்கழிக்காமல், ஹான்லே எந்த அகலாங்கில் இருக்கிறது, எவ்வளவு உயரம் என்று அவளிடம் திருப்பிக் கேட்டார். இரண்டு மணி நேரப் பாதை எப்படிப் போனது என்றே தெரியவில்லை.

ஷிபோட்ன் தாண்டி, பின்லாந்து எல்லைக்குப் போகும் சாலையில் ஓரமாக ஒதுக்கிய இடத்தில் வேன் நின்றது. வெளியே மைனஸ் 17. அமாவாசைக்கு இரண்டு நாள் இருந்ததால் நிலவு இல்லை. கதவைத் திறந்ததும் நட்சத்திரங்கள் தெரிந்தன, இரண்டாம் இரவுக்குப் பிறகு அதுவே எங்களுக்குப் பெரிதாக இருந்தது. ஆனால் ஒளி இல்லை. நெருப்பு மூட்டினார்கள், கலைமான் தோல்களை விரித்து உட்கார வைத்தார்கள். ஒரு மணி நேரம் ஒன்றுமில்லை. பிறகு வடக்கே மலைமுகட்டுக்கு மேல் கிழக்கு மேற்காக ஒரு வெளிறிய வளைவு தெரிந்தது. வழிகாட்டி அதைக் காட்டியபோது என் மாமியார், "இன்னாம்மா இது, மேகம்தானே?" என்றார்.

அவர் கேட்டது மிகச் சரியான கேள்வி, அதற்குக் கிடைத்த பதிலுக்காகவே இந்த வழிகாட்டியை நான் எல்லோருக்கும் பரிந்துரைப்பேன். ஒளி மங்கலாக இருக்கும்போது நம் கண் அதைச் சாம்பல் கலந்த வெண்மையாகவே காணும் என்றார் அவர். இருளில் வேலை செய்யும் குச்சி செல்களுக்கு நிறம் தெரியாது. நிறம் காணும் கூம்பு செல்களுக்கு இன்னும் வெளிச்சம் வேண்டும். கேமரா நான்கைந்து விநாடி ஒளியைச் சேர்த்துவைத்துக்கொள்வதால் அதற்குப் பச்சை தெரிகிறது. தன் கேமராவில் எடுத்துக் காட்டினார்: மாமியார் மேகம் என்று சொன்னது திரையில் பசும்புல் நிறத்தில் இருந்தது. இந்தப் படத்தைப் போலத்தான் கண்ணுக்கும் தெரியும் என்று நினைத்து வருகிறவர்கள் ஏமாந்து போகிறார்கள், அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன் என்றார். எங்கள் துண்டுப்பிரசுரத்தில் இந்த ஒரு வாக்கியம் இருந்திருந்தால் போதும். பத்து நிமிடம் கைப்பேசியைப் பார்க்காமல் கண்ணை இருளுக்குப் பழக்கச் சொன்னார், வேனின் விளக்குகளையும் அணைத்தார்.

இரவு பத்தரை மணி இருக்கும். அந்த வளைவு திடீரென்று தடித்து, கீழ்விளிம்பு கூர்மையாகி, ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு ஏதோ ஓடுவதுபோல் மினுங்கியது. அடுத்த ஒரு நிமிடத்துக்குள் அது எங்கள் தலைக்கு நேர் மேலே வந்துவிட்டது. இப்போது பச்சை கண்ணுக்கே தெரிந்தது, சந்தேகத்துக்கு இடமில்லாமல், இளங்கதிர் நெல்வயலின் பச்சை. மடிப்பு மடிப்பாக விரிந்து, மடிப்புகள் ஒன்றையொன்று துரத்தி, பிறகு உச்சியிலிருந்து எல்லாப் பக்கமும் கதிர்கள் கீழே விழுவதுபோல் பிரிந்தது. பனிமேல் எங்கள் நிழல் இலேசாகத் தெரிந்தது. கீழ்விளிம்பில் இளஞ்சிவப்பு ஒரு கோடாக ஓடி மறைந்தது. ஒரு சத்தமும் இல்லை. என் மகள் கத்திக்கொண்டே துள்ளினாள்: "ஆயா, மேல பாரு, மேல பாரு!"

மாமியார் பிறந்த ஊர் ஆரணி; அவருடைய தகப்பனார் தறி வைத்திருந்தவர். அவர் அண்ணாந்தபடியே, "பச்சைப் பட்டுக்கு ரோஜாக் கலர்ல கரை கட்டியிருக்கு பாரு, பாவு ஆடற மாதிரியே ஆடுது" என்றார். அதை மகள் ஆங்கிலத்தில் சொன்னபோது வழிகாட்டி, அந்தக் கரைக்குக் காரணம் நைட்ரஜன் என்றார். 100 முதல் 150 கிலோமீட்டர் உயரத்தில் ஆக்சிஜன் அணுக்கள் விண்ணிலிருந்து இறங்கும் துகள்களால் மோதுண்டு 557.7 நானோமீட்டர் அலைநீளத்தில் பச்சை ஒளி தருகின்றன. துகள்கள் இன்னும் விசையோடு வந்து அதற்கும் கீழே இறங்கினால் அங்குள்ள நைட்ரஜன் இளஞ்சிவப்பாகவும் ஊதாவாகவும் ஒளிரும். 200 கிலோமீட்டருக்கு மேலே அதே ஆக்சிஜன் சிவப்பைத் தருகிறது. ஆனால் அந்தச் சிவப்பு வெளிவர ஒரு அணுவுக்கு ஒன்றரை நிமிடத்துக்கும் மேலாகும் என்பதால், வேறு அணுக்கள் வந்து மோதாத அவ்வளவு உயரத்தில்தான் அது பிழைக்கிறது. பச்சை ஒரு விநாடிக்குள் வெளிப்பட்டுவிடுவதால்தான் அவ்வளவு வேகமாக ஆடுகிறது. அத்தை சொன்ன கரைக்கும் உடலுக்கும் உண்மையிலேயே வேறு வேறு நூல்தான்.

மகள் வானத்தைப் பார்த்துக் கை ஆட்டியதைக் கண்ட உதவியாளர், இந்த வடபகுதியின் பூர்வகுடிகளான சாமி என்ற இன மக்களின் வழக்கப்படி ஒளியை நோக்கிக் கை அசைக்கக் கூடாது, சீழ்க்கையும் அடிக்கக் கூடாது, அடித்தால் அது இறங்கி வந்து தூக்கிப் போய்விடும் என்பார்கள் என்றார். மாமியாருக்கு இதில் வியப்பே இல்லை. நம் வீட்டிலும் இரவில் சீழ்க்கை அடித்தால் பாம்பு வரும் என்று சொல்லித்தானே வளர்த்தோம் என்று பேத்தியின் கையைப் பிடித்துக் கீழே இறக்கினார். நாங்கள் கொண்டு போயிருந்த மல்லாட்டை உருண்டையை எல்லோருக்கும் கொடுத்தார். குளிரில் அது கல்லாகியிருந்தது, நெருப்பருகே பிடித்து இளக்கித்தான் கடிக்க முடிந்தது. வழிகாட்டி மூன்று உருண்டை சாப்பிட்டார்.

அந்த நெருப்பருகேதான் மாமியார் பல நாளாக மனத்தில் வைத்திருந்ததைக் கேட்டார். நாங்கள் போனது மார்கழி மாதம். ஊரில் விடியுமுன் குளித்துக் கோலம் போட்டு விளக்கேற்றுகிறவர் அவர். ட்ரோம்சோவில் நவம்பர் கடைசியிலிருந்து சனவரி நடுப்பகுதி வரை சூரியன் எழுவதே இல்லை. நண்பகலில் இரண்டு மூன்று மணி நேரம் நீல நிறத்தில் ஒரு மங்கல் வெளிச்சம் வரும், அவ்வளவுதான். எது விடியல் என்று தெரியாமல் விடுதி அறையில் இந்திய நேரத்தைப் பார்த்துக் கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். சூரியன் திரும்பி எப்போது வரும் என்று அவர் கேட்டதற்கு, சனவரி 15 வாக்கில் அடிவானத்துக்கு மேலே வந்துவிடும், ஆனால் மலைகள் மறைப்பதால் நகரத்தவர் 21ஆம் தேதிதான் சூரிய நாள் கொண்டாடுவார்கள், பள்ளிப் பிள்ளைகள் முதல் அனைவரும் இனிப்பு ரொட்டி தின்பார்கள் என்றார் வழிகாட்டி. தைப் பொங்கலின் தேதியைக் கேட்டு அவர் தன் கைப்பேசியில் குறித்துக்கொண்டார்.

இந்தச் சிறிய வேன் சேவையிலும் குறைகள் உண்டு. இரவு உணவாகக் கொடுத்த சூப் சைவம்தான் என்றாலும் அதில் உப்பும் இல்லை, காரமும் இல்லை. சைவம் சாப்பிடுகிறவர்கள் ஏதாவது கையில் கொண்டு போவது நல்லது. நின்ற இடத்தில் கழிப்பறை கிடையாது. வழியில் ஒரே ஒரு பெட்ரோல் பங்கில் நிறுத்தினார்கள். வயதானவர்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் இது உண்மையான தொல்லை, பதிவு செய்யும்போதே வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். விடுதிக்குத் திரும்பும்போது அதிகாலை இரண்டே முக்கால் ஆகிவிட்டது; வளைவான சாலையில் மகளுக்கு ஒருமுறை குமட்டியது. மறுநாள் காலையில் எந்தத் திட்டமும் வைத்துக்கொள்ளாதீர்கள்.

ஊர் திரும்பியதும் முகவர் அலுவலகத்துக்குப் போய் இரண்டாம் இரவைப் பற்றிப் புகார் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்கள். பெரிய பேருந்தின் கட்டணத்தில் ஒருவருக்கு ரூ. 2,000 திருப்பித் தந்தார்கள். அவ்வளவு தருவார்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை, அதற்கு நன்றி. ஆனால் மேசைமேல் அதே துண்டுப்பிரசுரம், அதே 100% அப்படியே இருந்தது. விசாவுக்கும் டிக்கெட்டுக்கும் விடுதிக்கும் மறுபடி அவர்களிடமே போவேன். துருவ ஒளி இரவை மட்டும் தொகுப்பிலிருந்து நீக்கச் சொல்லிவிட்டு, ட்ரோம்சோவில் இறங்கி வானிலையைப் பார்த்த பிறகு நானே பதிவு செய்வேன். குறைந்தது நான்கு இரவு அந்த ஊரில் இல்லாமல் போவதில் பொருளில்லை. முதல் இரவே பதிவு செய்துவிட்டு மறுநாள் கிளம்புகிறவர்களை விடுதியில் பார்த்தேன், அவர்களில் பாதிப் பேர் மேகத்தைப் பார்த்துவிட்டுத்தான் போனார்கள். பேருந்தா வேனா என்பதைவிட, வண்டி ஒரே முகாமில் நிற்குமா, தெளிந்த வானத்தைத் தேடி நகருமா, தேவைப்பட்டால் பின்லாந்து எல்லைவரை போகுமா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். குழந்தைகளும் முதியவர்களும் உடன் வந்தால் குளிருடையும் காலணியும் கட்டணத்தில் அடங்குமா, பெரிய அளவு கிடைக்குமா என்பதையும் எழுத்தில் கேளுங்கள்.

அந்த வேன் இரவுக்கு மூன்றாம் நாள் அந்த நிறுவனத்திடமிருந்து தனிக்கட்டணம் எதுவுமில்லாமல் 14 படங்கள் மின்னஞ்சலில் வந்தன. ஒரு படத்தில் நாங்கள் நால்வரும் இருக்கிறோம். ஆறு விநாடி அசையாமல் நிற்கும்படி வழிகாட்டி சொல்லியிருந்தார். பெரிய குளிரங்கிக்குள் மாமியார் சந்நிதியில் நிற்பதுபோல் இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு நிற்கிறார். அவருடைய உருவம் மட்டும் புருவம் வரை கூர்மையாக விழுந்திருக்கிறது. துள்ளிக்கொண்டிருந்த மகளின் முகம் பச்சை வானத்துக்குக் கீழே கலைந்து போயிருக்கிறது.